முட்டியில் போட்ட ஊசியும் மேலே போட்ட பற்றும்

முட்டி வலி என்று என் வாசலுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி இப்போது என் வாய் வலிக்கிறது. எருமப்பட்டியிலிருந்து ஆத்தூர் வரைக்கும் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறவன் எல்லாம், "கருப்பண்ணன் ஊசி போட்டு எந்திரிச்சு நடக்கிறாராமே" என்று வந்து நிற்கிறான். பாதிக் கதை கேட்டதும் எழுந்து ஓடுகிறான். ஊசியைப் போட்டுக்கொள்கிறான். மீதிப் பாதியைக் கேட்காததால் பணத்தையும் காலையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்து என்னைத் திட்டுகிறான். ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது வாத்தியார் இல்லை, சந்தைச் சீட்டுகள்தான். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். விஷயத்தில் பிழை கிடையாது.

நான் யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு செருப்பில்லாத காலோடு தாவணி தாவணியாக நடந்த கூலி ஆள் நான். தாவணி என்று நாங்கள் சொல்வது மாடு விற்று வாங்குகிற பெரிய சந்தையை. இன்றைக்கு என் பேரில் காடு இருக்கிறது, கல்கட்டுக் கிணறு இருக்கிறது, ஓட்டு வீடு இருக்கிறது. எவனும் கொடுத்ததில்லை. துண்டுக்கு அடியில் என் விரலைப் பிடித்து விலை பேசிய வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மாட்டின் அடிவயிற்றுச் சுழியையும், குளம்பு வெடிப்பையும், பின்னங்கால் நிற்கிற வாகையும் குந்தி உட்கார்ந்து ஒருமுறை பார்த்தால், அது இன்னும் எத்தனை வருஷம் ஏர் இழுக்கும் என்று சொல்லிவிடுவேன்.

குந்தி உட்கார்ந்தால். அதுதான் பேச்சு. நின்றுகொண்டே மாடு பார்க்கிறவன் ஏமாறுவதற்கென்றே பிறந்தவன். எனக்கு அந்தக் குந்தல் போய்விட்டது.

லாடம் அடிக்க ஒரு மயிலைக் காளையைக் கயிறு போட்டுச் சாய்த்தோம். கட்டு இளகி அது உதறிய உதை என் வலது முட்டியின் உள்பக்கத்தில் விழுந்தது. வீங்கியது, வடிந்தது, மறந்துவிட்டேன். வருஷங்கள் கழித்து அந்த முட்டி திருப்பிக் கேட்க ஆரம்பித்தது. மேட்டில் ஏறினால் வலி இல்லை. இறங்கினால் முட்டி உள்ளே கழன்று போகிற மாதிரி ஆடும். குந்தினால் எழ முடியாது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். தாவணி நடுவில், நூறு கண் பார்க்க, கருப்பண்ணனைத் தூக்கி நிறுத்துகிறார்கள்! அன்றைக்குச் சிரித்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என் தம்பி ராமசாமி அன்றைக்குச் சொன்னது அதைவிட மோசம். "அண்ணா, நீங்க ஊட்டுல உக்காருங்க. மாட்டை நான் பாத்துக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆத்தூர் வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்தேன். தேய்க்கிற நேரம் சுகம், துடைத்தால் பழையபடி. பிறகு மாட்டுக்குச் சூடு போடுகிற ஆளையே வரச் சொன்னேன். தொடைச் சப்பை நழுவிய மாட்டுக்கு அந்த மூட்டைச் சுற்றிக் காய்ச்சிய கம்பியால் கோடு இழுப்பது எங்கள் வழக்கம். சூடு பட்ட இடம் வீங்கும், கொதிக்கும், பிறகு இறுகும். தளர்ந்த மூட்டு பிடித்துக்கொள்ளும். அப்படி நிமிர்ந்த மாடுகளை நானே விற்றிருக்கிறேன். மாட்டுக்கு ஆகிறது எனக்கு ஆகாதா என்று காலை நீட்டினேன். அந்த ஆள் நடுங்கிக்கொண்டே தோலை மட்டும் லேசாகத் தொட்டுவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். தழும்பு மிஞ்சியது. வலியும் மிஞ்சியது.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பை மாட்டி ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆட்கள் இறங்க வேண்டும். நானும் என் சம்சாரம் நல்லம்மாவும் அந்த பஸ்ஸில் சேலம் போனோம். மேடு வந்தபோது எல்லாரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. "பெரியவரே, எறங்குங்க" என்றான் கண்டக்டர். "எறங்க முடிஞ்சா நான் எதுக்குடா ஆஸ்பத்திரிக்குப் போறேன்?" என்று கத்தினேன். நல்லம்மா பின்னாலிருந்து பஸ்ஸைத் தள்ளினாள்.

சேலத்தில் நான் பார்க்கப் போன டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். விதை வீக்கத்துக்கும் மூலத்துக்கும் கத்தி வைக்காமல் ஊசியிலேயே குணமாக்கிப் பேர் வாங்கியவர். அதே வகை ஊசியைத் தளர்ந்த மூட்டுக்குப் போடலாம் என்று சீமைப் புத்தகத்தில் படித்துவிட்டு, போட்டும் பார்க்கிறார் என்று நாமக்கல்லில் ஒரு அரிசி வியாபாரி சொல்லியிருந்தான்.

காத்திருக்கிற கூடத்தைப் பற்றி எழுதினால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சுவரோரம் நீள பெஞ்சு. முதலில் வந்தவன் முதலில் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். குடை பிடித்துக்கொண்டு வந்தவனும் கோட்டுப் போட்டவனும் எங்கள் முட்டியைத் தாண்டிக்கொண்டு நேரே உள்ளே போனார்கள். என் பக்கத்தில் இடுப்பு ஒடிந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "இங்க உக்காந்திருக்கறதுக்கே இடுப்பு வலிக்குதுங்" என்றார். "எந்திரிச்சுக் கேளுங்க" என்றேன். "எந்திரிக்க முடியாமத்தானுங்களே வந்தது" என்றார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எக்ஸ்ரே என்கிற பெட்டிக்கு முன்னால் காலை நீட்டச் சொன்னார்கள். அது உள்ளே இருக்கிற எலும்பை நிழலாகப் படம் பிடிக்கிறது, வலிக்காது. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நானும் என் எலும்பைப் பார்த்தேன். இத்தனை நடை நடந்த எலும்பு இவ்வளவுதானா என்று இருந்தது.

அவர் முட்டியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். பிறகு தழும்பைப் பார்த்தார்.

"இது என்ன ஐயா, கோலமா?"

"சூடுங்க. மாட்டுக்குப் போடறது."

"உங்களுக்கு யார் போட்டது? மாடா?"

உதவிக்கு நின்ற கம்பவுண்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "மாட்டுக்குக் கேக்குதுங்க" என்றேன். "மாடு எதுத்துப் பேசாதே, அதனால கேக்குறதாத் தோணும்" என்றார் டாக்டர். மனுஷன் கெட்டிக்காரர்தான். அதை நான் மறுக்கவில்லை.

நோய் இன்னதென்று அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருப்பது ஒரு நார். நுகத்தையும் ஏர்க்காலையும் பிணைக்கிற கயிறு மாதிரி. காளை உதைத்ததில் என் முட்டியின் உள்பக்க நார் தளர்ந்துவிட்டது. கயிறு தளர்ந்தால் நுகம் ஆடும். ஆடி ஆடி எலும்பு முனையில் இருக்கிற வழவழப்பான மெத்தை தேயும். வலி அங்கிருந்து வருகிறது. எண்ணெய் தேய்த்தால் மெத்தைக்கும் போகாது, நாருக்கும் போகாது. நார் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் ஊசியால் மருந்து ஏற்றினால் அந்த நார் மறுபடி தடித்து இறுகும். மருந்து மீன் எண்ணெயிலிருந்து எடுத்த ஒரு உப்பு. மூன்று ஊசி, வாரம் ஒன்று.

இவ்வளவும் நன்றாகச் சொன்னார். எப்படி இறுகும் என்று சொன்னாரா? சொல்லவில்லை. அந்தப் பேச்சு வந்ததும் கம்பவுண்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷுக்குப் போய்விட்டார். கால் என்னுடையது. சங்கதியைச் சொன்னது கம்பவுண்டருக்கு!

நான் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். "மருந்து உள்ள போய் என்னங்க பண்ணும்?" என்று கேட்டேன். "அதை மருந்து பார்த்துக்கும், நீங்க படுங்க" என்றார்.

படுத்தேன். ஊசி எலும்பில் போய் முட்டியது. அங்கிருந்து கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி முட்டியது. அப்படியே ஓரம் முழுக்க. பல்லைக் கடித்துக்கொண்டு கூரைக் கட்டையைப் பார்த்தேன். கட்டுப் போட்டுக் கட்டிலில் விட்டார்கள். சாயங்காலத்துக்குள் முட்டி பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் சுட்டது. போர்வை பட்டால் உயிர் போயிற்று. உதைத்த காளையே திரும்பி வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டு உதைப்பது போல இருந்தது.

இனி நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவன் கட்டாயம் படிக்க வேண்டிய இடம் இது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளி வீட்டுக்காரர்கள் சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது. மும்மூன்று கல்லை வைத்து அடுப்பு. அங்கே நல்லம்மாவுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். வாழப்பாடிக்காரி. அவள் புருஷனுக்கு விதை வீக்கத்துக்கு ஊசி போட்டிருந்தது. நல்லம்மா என் முட்டியைச் சொல்லி அழுதிருக்கிறாள். "வீக்கம்னா மருந்து முறிஞ்சு விசமாயிருச்சுன்னு அர்த்தம் அக்கா. புளியும் கல்லுப்பும் கரைச்சுக் கொதிக்க வெச்சுப் பத்துப் போடு. நான் எங்கூட்டுக்காரருக்கு அப்படித்தான் போடறேன்" என்று அவள் தேற்றியிருக்கிறாள்.

வெளி மருந்து எதுவும் கூடாது என்று வார்டுக் கதவில் பலகை தொங்கியது. நல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். எவனோ மாட்டிய பலகைக்கு நான் பயப்படுவேனா? அவள் ரசச் சட்டியில் பற்றைக் கொண்டுவந்தாள். கட்டைத் தளர்த்தி இளஞ்சூடாகப் பூசினாள். காலையில் டாக்டர் சுற்றி வருவதற்கு முன்னால் வெந்நீரால் துடைத்து, புளி வாசம் தெரியாமலிருக்கச் சோப்புப் போட்டு, கட்டைப் பழையபடி சுற்றிவிட்டாள். கைராசிக்காரி. வீக்கம் வடிந்துகொண்டே வந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

இது போதாதென்று கம்பவுண்டர். நல்ல மனுஷன். நான் முனகுவதைக் கேட்டுவிட்டு, "பெரியவரே, இதைச் சாப்பிடுங்க, வலி கொறையும்" என்று காகிதத்தில் மடித்த வெள்ளைப் பொடியைக் கொடுத்தார். அது ஆஸ்பிரின் என்று பிறகு தெரிந்தது. தலைவலிக்குத் தருவது. மூன்று வேளையும் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

ஒருத்தி வெளியே பூசினாள். ஒருவர் உள்ளே கொடுத்தார். டாக்டர் காலையில் வந்து பார்க்கிறபோது முட்டி பழைய முட்டி மாதிரி அடக்கமாக இருந்தது. நல்ல பேர் வாங்கிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஊசியும் இப்படியே. மூன்றாம் ஊசியும் இப்படியே. மூன்றாவது போட்டுச் சில நாள் கழித்து டாக்டர் முட்டியைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. அவர் முகம் சுருங்கிப்போனது.

"கருப்பண்ணன், உங்க உடம்புல இந்த மருந்து பிடிக்கலை. இனிமே ஒண்ணுதான் பாக்கி. முட்டியைத் திறந்து, ரெண்டு எலும்பையும் சீவி, ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சுடலாம். வலி இருக்காது. கம்பு மாதிரி நேரா நின்னுடும்."

"மடங்குமுங்களா?"

"மடங்காது."

"குந்த முடியுமுங்களா?"

"மடங்காத கால்ல எப்படிய்யா குந்தறது? நாற்காலியில உக்காருங்க. பெரிய மனுஷன்தானே நீங்க."

நாற்காலி! மாட்டின் அடிவயிற்றை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேனா? "ஊட்டுல உக்காருங்க அண்ணா" என்ற தம்பியின் குரல்தான் காதில் கேட்டது. இனி நானாக அவன் கையில் கயிற்றைக் கொடுக்க வேண்டியதுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டேன். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

டாக்டர் கம்பவுண்டரிடம் தமிழிலேயே அலுத்துக்கொண்டார். "மூணு தடவை போட்டும் ஒரு தடவைகூட வீங்கலையே ஐயா இந்த ஆளுக்கு. வீங்கினாத்தானே நார் தடிக்கும்?"

நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க சொன்னீங்க? வீங்கோணுமுங்களா?"

"ஆமா. அந்த மருந்து உள்ளே ஒரு புண்ணை உண்டாக்கும். வீங்கும், சுடும், வலிக்கும். அந்தப் புண்ணை ஆத்த உடம்பு புது நாரைக் கட்டும். அதுக்காகத்தானே ஊசியே."

அப்போது கதவோரம் நின்ற நல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "வீங்குச்சுங்க சாமி" என்றாள். "பூசணிக்காயாட்ட வீங்குச்சு. நாந்தான் புளிப்பத்துப் போட்டு வத்த வெச்சேன். நீங்க வாரதுக்குள்ள தொடச்சுப்போட்டேன்."

டாக்டர் முகம் சிவந்தது. "கொட்டை எழுத்துல எழுதிப் பலகை மாட்டியிருக்கேனேம்மா!" என்று ஆரம்பித்தார். நல்லம்மா அழுதாள். அவர் நிறுத்தவில்லை. அப்போது கம்பவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சார், நானும் மூணு வேளை ஆஸ்பிரின் குடுத்தேன். ரொம்பக் கஷ்டப்பட்டார்." ஆஸ்பிரினும் வீக்கத்தை அடக்கும் மருந்துதானாம்.

பிறகு நான் வாயைத் திறந்தேன். அந்த ஆஸ்பத்திரி கட்டின நாளிலிருந்து அப்படி ஒரு குரலை அது கேட்டிருக்காது.

"சூடு! இது சூடுதானுங்களே! கம்பியில போட்டா மாட்டு வைத்தியம், ஊசியில போட்டா சீமை வைத்தியமா? என்ற தழும்பைப் பாத்துக் கோலம்னு சிரிச்சீங்களே! சூடு போட்ட மாட்டுக்கு மோரை ஊத்திக் குளுத்தினா மூட்டு புடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை மாட்டுக்காரனை நான் அதுக்கு வெரட்டியிருக்கேன்! வீங்கோணும்னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, இங்கிலீஷுல அவருகிட்டச் சொன்னதைத் தமிழ்ல என்ற கிட்டச் சொல்லியிருந்தா, பத்துப் போட வந்த கையை நானே தட்டியிருப்பேனே!"

டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. "நான் சொல்லலை, சரி. நீங்க சொன்னீங்களா? தினம் காலையில வந்து எப்படி இருக்குன்னு கேட்டேனே. சோப்புப் போட்டுக் கழுவி வெச்சுட்டு 'நல்லா இருக்குதுங்க'ன்னு சொன்னது யாரு?"

அது நியாயமான கேள்விதான். நியாயம் எதிர்ப்பக்கம் இருந்தால் கோபம் கூடத்தான் செய்யும்.

வாழப்பாடிக்காரியின் புருஷன் கதையும் அன்றைக்கே வெளியே வந்தது. அவனுக்கும் ஏன் ஊசி பிடிக்கவில்லை என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். டாக்டர் அந்தச் சமையல் கொட்டகைக்கு நேரே போய், அடுப்பு மேல் இருந்த புளிச்சட்டியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாராம். மூன்று சட்டியில் குழம்பு, இரண்டில் பற்று.

அறுத்து ஒட்டவைக்கும் பேச்சைத் தள்ளிவைத்தார். மறுபடி முதலிலிருந்து போடுவோம், இந்தத் தடவை வெளியேயும் உள்ளேயும் ஒன்றும் கூடாது, தாங்குவீர்களா என்றார். "என்ன கேள்வி இது?" என்றேன்.

தாங்கினேன் என்று எழுதிவிடலாம். அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் நான்கைந்து நாள் அந்த முட்டியோடு கிடப்பது பெரிய தண்டனை. ராத்திரி நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். நல்லம்மா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷமாக எனக்கு எது வந்தாலும் ஏதாவது அரைத்துப் பூசியே பழகியவள். சும்மா இரு என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, உங்க தம்பி அந்தச் செவலை ஜோடியை வித்துப்போட்டாராமா."

"எந்தச் செவலை?"

"நீங்க பாத்துப் பாத்து வளத்தீங்களே. பல்லு விழுந்த மாடுன்னு சொல்லிச் சல்லிசாக் குடுத்துட்டாராம்."

"பல்லு விழுந்ததா! நாலு பல்லு போட்ட எளங்காளை புள்ள அது! அவன் வாயைத் தொறந்து பாத்தானா?" என்று நான் எழுந்து உட்கார்ந்தேன். அன்று முழுக்க அவனைத் திட்டினேன். மறுநாள் வேறொரு செய்தி. தம்பி என் இடத்தில் துண்டு போட்டு உட்கார்ந்து விலை பேசுகிறானாம். அதற்கு மறுநாள், என் சாட்டையை எடுத்து அவன் மகன் பந்தாடினானாம். கோபத்தில் நெஞ்சு வெந்தது. நெஞ்சு வேகும்போது முட்டி வேகிறது தெரியவில்லை. கம்பவுண்டர்கூட வந்து, "அம்மா, இன்னிக்கு ஏதாவது புதுசா இருக்கா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போவார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

வீக்கம் தானாக வடிந்த பிறகு டாக்டர் வேறு வேலை கொடுத்தார். அதையும் எழுதுகிறேன், இதுவும் முக்கியம். ஊசி நாரை மட்டும்தான் கட்டும். நாரைத் தாங்குவது தொடைச் சதை. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் மணல் பை கட்டி, மெல்லத் தூக்கி மெல்ல இறக்க வேண்டும். சூடு போட்ட மாட்டை நாங்கள் கட்டிப் போட்டுவிடுவோம், நடக்க விடமாட்டோம். அது தப்பு என்றார். சதை வற்றிப்போய்விடுமாம். இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, ஒத்துக்கொண்டேன். பதிலுக்கு அவர் ஒன்றை ஒத்துக்கொண்டார். ஆத்தூர் வைத்தியர் எண்ணெயைத் தொடையில் தேய்க்கலாமா என்று கேட்டேன். புட்டியைத் திறந்து முகர்ந்தார். "தொடையில தேய்ங்க. தேய்க்கிற கையால நல்ல பலன் இருக்கு. முட்டிக்கு இறங்கக்கூடாது" என்று எண்ணெயாலேயே என் தொடையில் ஒரு கோடு போட்டார். நல்லம்மாவுக்கு மறுபடி வேலை கிடைத்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

செலவு என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்கிறீர்கள். ஒரு நல்ல ஜோடிக் காளை போயிற்று. பற்றுப் போடாமல் இருந்திருந்தால் அதில் ஒரு மாடு மிச்சம்.

ஊன்றுகோலோடு ஊருக்குத் திரும்பினேன். திரும்பியதும் முதல் வேலையாகத் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றேன். "எங்கடா என்ற செவலை?" என்றேன். அவன் திகைத்துப்போய்க் கொட்டகையைக் காட்டினான். செவலை இரண்டும் எண்ணெய் பூசின மாதிரி மின்னிக்கொண்டு அசை போட்டுக்கொண்டிருந்தன. என் சாட்டை ஆணியில் மாட்டியபடியே தூசி படிந்திருந்தது. "நீங்க இல்லாம நான் என்னத்தை விக்கறதுங்கண்ணா? ஒருத்தனும் என்ற விரலைப் புடிக்க மாட்டேங்கறான்" என்றான். திரும்பிப் பார்த்தேன். நல்லம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அவளையும் திட்டத்தான் செய்தேன். இத்தனை நாள் எனக்குச் சொன்னது எல்லாம் பொய்யா என்று கத்தினேன். "பத்துத்தான் போடக் கூடாதுன்னாங்க. பேசக் கூடாதுன்னாங்களா?" என்றாள்.

எட்டு மாதம் கழிந்திருக்கும். டாக்டர் வீட்டில் பேரக்குழந்தை, பாலுக்கு ஒரு மாடு வேண்டுமென்று எங்கள் ஊருக்கே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நின்று, "கருப்பண்ணன், எனக்கு மாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க குடுக்கறதை வாங்கிக்கிறேன்" என்றார். துண்டுக்குள் கைவிட்டு விலை பேசவும் தெரியாத மனுஷன். அவர் என் கையில் அகப்பட்டார் என்று ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அன்றைக்கு என் கொட்டகையில் சினைக் கிடாரி ஒன்று நின்றது, தலை ஈற்று, ஈனுவதற்குச் சில வாரம் பாக்கி. காம்பு கொஞ்சம் சிறுத்த மாடு. இன்னொருத்தனாக இருந்தால் சொல்லாமல் கட்டியிருப்பான்.

"வாங்க, இக்கட்ட வாங்க. நின்னுக்கிட்டே பாக்காதீங்க. குனிஞ்சு பாருங்க" என்று அவரை மாட்டின் பக்கம் இழுத்தேன். அவர் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு சாணிக்கு நடுவே குனிந்தார். "இது காம்பு. பின்னால வலப்பக்கக் காம்பு சிறுசு. கறக்கறப்ப வெரல் வலிக்கும். முதக் கறவையில உதைக்கும், கால்ல அணை கயிறு போட்டுக் கறக்கச் சொல்லுங்க. வெலையில அதைக் கழிச்சுத்தான் சொல்வேன்." ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். திரும்பிப் பார்த்தேன். மனுஷன் மாட்டைப் பார்க்கவே இல்லை. என் முட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் குந்தி உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. ஊன்றுகோல் கொட்டகை வாசலில் சாய்ந்து கிடந்தது.

"எந்திரிங்க பார்ப்போம்" என்றார், மெதுவாக.

மாட்டின் முதுகில் ஒரு கையை ஊன்றி எழுந்தேன். முட்டி கடக்கென்று ஒரு சத்தம் போட்டது. ஆடவில்லை. ஒருவரும் என் அக்குளில் கை கொடுக்கவில்லை. அவர் அப்படியே கீழே உட்கார்ந்து என் முட்டியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது என்று நல்லம்மா பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் கோபத்தில் இருந்தேன்.

"மாட்டைப் பாக்க வந்தீங்களா, என்ற முட்டியைப் பாக்க வந்தீங்களா? இன்னும் முக்கியமானதைச் சொல்லவே இல்லீங்க. காதுல வாங்குங்க. ஈனறதுக்கு முன்னால இதோட மடி வீங்கும். கல்லாட்ட இருக்கும், தொட்டாச் சுடும். வீட்டுப் பொம்பளைக பாத்துப் பயந்துக்குவாங்க. பத்துக்கித்துப் போட்றாதீங்க. அது வீங்கோணும். வீங்கினாத்தான் பால்."

டாக்டர் சாணிக் கையோடு நிமிர்ந்து சிரித்தார். "கேக்கறதுக்கு முன்னாலேயே எல்லாத்தையும் சொல்றீங்களே, கருப்பண்ணன்!"

"பின்னே? வாயைத் தொறந்து சொல்லாம உடறதுக்கு நான் என்ன டாக்டரா?" என்றேன்.